எஞ்சின் நின்றுபோன சிறு பாய்மரப் படகைப் பாதுகாப்பாக நகர்த்துதல்

இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவே கிடக்கும் நீரிணையைச் சோலண்ட் என்பார்கள். அதன் மேற்குப் பாதியில், லிமிங்டன் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று வெளியே, ஒரு ஜூலை மாத மாலையில் எங்கள் 24 அடிப் பாய்மரப் படகின் எஞ்சின் மட்டென்று ஒரு சத்தத்துடன் நின்றது. நண்டுக்கூட்டுக்குக் கட்டியிருந்த மிதவைக் கயிறு உந்துவிசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. காற்று தென்மேற்கிலிருந்து மெல்ல வீசியது. நீர் வற்றிக்கொண்டிருந்ததால் ஓட்டம் மேற்கு நோக்கி இழுத்தது. பாயும் சுக்கானும் நல்ல நிலையில் இருந்தன. உடன் வந்த நண்பர், “இனி எப்படி நகர்வது?” என்று கேட்டார். பதற்றத்தில் எவர்க்கும் எழக்கூடிய கேள்விதான் அது. ஆனால் அந்த நேரத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. இனி எப்படி நிற்பது என்பதுதான் முதல் கேள்வி.

பாய்மரப் படகு நகர்வதற்கு எஞ்சின் தேவையே இல்லை. எஞ்சின் வருவதற்கு முன்பு பல நூறு ஆண்டுகள் உலகத்தின் கடல்வழிச் சரக்கெல்லாம் பாயில்தான் போய்க்கொண்டிருந்தது. தூத்துக்குடித் தோணிகள் கடந்த நூற்றாண்டிலும் பாய் விரித்தே கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்றன. லின் பார்டி, லாரி பார்டி என்னும் தம்பதியர் 1968-இல் கலிபோர்னியாவில் கட்டி முடித்த 24 அடிச் செராஃபின் படகில் எஞ்சினே இல்லாமல் பல ஆண்டுகள் கடல்களைச் சுற்றினார்கள். காற்று தள்ளும், நீரோட்டம் இழுக்கும், அலை உருட்டும். ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் படகு எங்கோ ஓரிடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். எஞ்சின் நிற்கும்போது நம் கையை விட்டுப் போவது, நினைத்த இடத்தில் படகைப் பிடித்து நிறுத்துவதற்கான எளிய வழி. பின்னோக்கிச் சுழலும் விசிறிதான் இக்காலப் படகுக்குத் தடை, அதாவது பிரேக். அது இல்லாதபோது வேறு எதைத் தடையாகப் பயன்படுத்தலாம் என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டால், நகர்த்துவதில் உள்ள அபாயத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

எடையும் வேகமும்

எங்கள் படகின் எடை ஏறக்குறைய 2,500 கிலோ. அது 2 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), அதாவது ஒருவர் நிதானமாக நடக்கும் வேகத்தில், படகுத்துறையை நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு மெதுவாகத்தான் தோன்றும். ஆனால் அந்த வேகத்தில் வரும் படகை ஒருவர் காலை நீட்டி 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்த முயன்றால், அந்தக் கால் ஏறக்குறைய 1,300 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டியிருக்கும். எலும்பு முறிவதற்கு இது தாராளமாகப் போதும். வேகம் இருமடங்காகி 4 நாட் ஆனால் விசை நான்கு மடங்காகும். படகுக்கும் துறைக்கும் நடுவே கையோ காலோ ஒருபோதும் போகக்கூடாது என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு மனநிறைவு வருவதில்லை. இடிபட வேண்டியது படகின் பக்கத்தில் தொங்கவிடும் மெத்தையான ஃபெண்டர். அதுவும் தவறினால் படகின் பக்கம் நசுங்கட்டும், அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

அதே படகை 10 சென்டிமீட்டருக்குப் பதிலாக 3 மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் தேவைப்படும் விசை 45 கிலோ எடை அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கயிறு இங்கேதான் உதவுகிறது. கயிற்றின் ஒரு முனையைப் படகின் நடுப்பகுதியில் உள்ள கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பில்) கட்டிவிட்டு, மறுமுனையைத் துறையில் உள்ள முளையின்மீது ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். கயிற்றுக்கும் முளைக்கும் இடையே உள்ள உராய்வினால், ஒரு முழுச் சுற்று நம் கைவிசையை ஏறக்குறைய ஐந்து மடங்காக்கும்; இரண்டு சுற்று இருபது மடங்குக்கு மேலாக்கும். ஆகவே 10 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்குக் கையை இறுக்கினாலே போதும். படகு இழுக்க இழுக்கக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கவிட்டுக் கொடுக்க வேண்டும். வெடுக்கென்று இறுக்கிக் கட்டிவிட்டால் படகு திரும்பித் துறையில் மோதும், அல்லது கிளீட் பிடுங்கிக்கொண்டு வரும். ஈரமான கயிற்றில் பிடிமானம் குறையும் என்பதால் மழை நாளில் நான் இரண்டு சுற்றுக்குக் குறைந்து சுற்றுவதில்லை. விரல்கள் முளையிலிருந்து ஒரு முழம் தள்ளியே இருக்க வேண்டும். கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளக்கூடாது.

நீர் ஓடினால்தான் சுக்கான் கேட்கும்

தொடக்க நிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சுக்கான் என்பது நீருக்குள் நிற்கும் ஒரு பலகை. அதைக் கடந்து நீர் ஓடினால்தான் அது படகைத் திருப்பும். எஞ்சின் நின்ற படகு 3 நாட் நீரோட்டத்தில் மிதந்து போகும்போது, கரையில் நிற்பவருக்கு அது வேகமாகப் போவதுபோல் தெரியும். ஆனால் படகும் அதைச் சூழ்ந்த நீரும் ஒன்றாகவே போவதால் சுக்கானைக் கடந்து ஒரு துளி நீரும் ஓடவில்லை. சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் படகு கேட்காது. வெள்ளத்தில் மிதக்கும் கட்டையும் அந்தப் படகும் ஒன்றுதான்.

இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். எதிரே 2 நாட் நீரோட்டம் வருகிறது. பாயைக் கொஞ்சமாக விரித்து, நீரைப் பொறுத்து 2 நாட் வேகத்தில் அதை எதிர்த்து ஓட்டுகிறோம் என்று வையுங்கள். கரையைப் பொறுத்துப் படகு அசையாமல் நிற்கும். ஆனால் சுக்கானைக் கடந்து நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் படகு சொன்ன சொல்லைக் கேட்கும். அந்நிலையில் முன்பாயைச் சற்றுத் தளர்த்தினால் படகு பின்னோக்கி நழுவும். இறுக்கினால் அங்குலம் அங்குலமாக முன்னேறும். சுக்கானைச் சிறிது சாய்த்தால் பக்கவாட்டில் நகர்ந்து மிதவையின் அருகே போய் நிற்கும். எஞ்சின் இல்லாதவனுக்கு நீரோட்டமே தடை. மிதவையையோ துறையையோ எப்போதும் காற்று, நீரோட்டம் இரண்டில் எது வலுவானதோ அதை எதிர்த்தே நெருங்க வேண்டும் என்று பழைய மாலுமிகள் சொல்வதன் காரணம் இதுதான். காற்றை மட்டும் எதிர்த்து நெருங்கும்போதும் இதே கணக்குத்தான்: பாயின் கயிற்றைத் தளரவிட்டால் பாய் படபடத்து விசை இழக்கும், படகு தானே வேகம் குறையும். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது இந்த வசதி கிடையாது; பெரும்பாயைத் தளர்த்தினாலும் அது பாய்மரத்தைத் தாங்கும் பக்கவாட்டுக் கம்பிகளில் சாய்ந்துகொண்டு தள்ளிக்கொண்டே இருக்கும். வேறு வழியின்றிக் காற்றோடு சேர்ந்தே நுழைய வேண்டியிருந்தால், பெரும்பாயை முன்கூட்டியே இறக்கிவிட்டு, நொடியில் சுருட்டக்கூடிய முன்பாயோடு மட்டும் வர வேண்டும்.

முதலில் நங்கூரம்

இப்போது லிமிங்டனுக்குத் திரும்புவோம். ஆற்று வாயின் இருபக்கமும் சேற்றுத் திட்டுகள். நடுவே உள்ள குறுகிய கால்வாயில் வைட் தீவின் யார்மத் ஊருக்குப் போகும் பயணிகள் கப்பல் வந்துபோய்க்கொண்டிருக்கும். மேற்கே நீரோட்டம் இழுத்துச் செல்லும் திசையில் ஹர்ஸ்ட் இடுக்கு இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே நீர் 4 நாட்டுக்குக் குறையாத வேகத்தில் பாய்வதுண்டு. தென்மேற்குக் காற்று அதை எதிர்த்து வீசினால் அலை செங்குத்தாக எழும். ஆகவே நாங்கள் செய்த முதல் வேலை, பாய் விரித்து, படகில் இன்னும் ஓட்டம் இருந்தபோதே கால்வாயைவிட்டு விலகியதுதான். இரண்டாவது வேலை நங்கூரம் போட்டது.

எஞ்சின் நின்றவுடன் எஞ்சினைத் திறந்து பார்க்கத் தோன்றும். அலையில் கலங்கிய எண்ணெய்த் தொட்டியின் கசடு வடிகட்டியை அடைத்திருக்கலாம், குளிர்விக்கும் நீரேற்றியின் ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கலாம். பெரும்பாலான காரணங்கள் எளியவைதாம். ஆனால் நீங்கள் உள்ளே குனிந்திருக்கும் பத்து நிமிடத்தில் 3 நாட் நீரோட்டம் படகை 900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய்விடும். படகு எங்கும் போகாது என்று உறுதியான பிறகே பழுதைப் பார்க்க வேண்டும். விசிறியில் கயிறு சுற்றியிருந்தால், ஓட்டமும் அலையும் உள்ள இடத்தில் கத்தியோடு நீரில் இறங்கவே கூடாது. அலையில் எழுந்து தாழும் படகின் அடிப்பகுதி தலையில் அடிக்கும்.

நங்கூரம் என்பது எடையால் படகை நிறுத்தும் பொருள் என்று பலர் எண்ணுகிறார்கள். சிறு படகின் நங்கூரம் 8 அல்லது 10 கிலோதான் இருக்கும். அது தரையில் ஏர் போல உழுது புதைந்து பிடிக்கிறது; அப்படிப் புதைய வேண்டுமானால் இழுப்பு கிடைமட்டமாக இருக்க வேண்டும்; அதற்குக் கயிறு நிறைய விட வேண்டும். எவ்வளவு என்பதற்கு எங்கள் கணக்கையே சொல்கிறேன். நங்கூரம் போட்டபோது ஆழம் 4 மீட்டர். நீர் இன்னும் வற்றினால் 3 மீட்டர் ஆகும். எங்கள் படகின் அடிக்கட்டை 1.2 மீட்டர் ஆழம் இறங்குவது என்பதால் தரை தட்டாது. அடுத்த பெருக்கில் ஆழம் 5 மீட்டர் ஆகும். படகின் அணியம், அதாவது முன்முனை, நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர். ஆக மொத்தம் 6 மீட்டர். பாதி சங்கிலியும் பாதி கயிறுமாக இருந்ததால் அதன் ஆறு மடங்கு, 36 மீட்டர் விட்டோம். முழுவதும் சங்கிலியாக இருந்தால் நான்கைந்து மடங்கு போதும். பிறகு கரையில் ஒரு கம்பத்தையும் அதன் பின்னால் தெரிந்த ஒரு கூரையையும் நேர்கோட்டில் வைத்துக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டும் விலகவில்லை, நங்கூரம் பிடித்துவிட்டது.

எஞ்சின் இயங்கும்போதும், துறைமுகத்தை நெருங்குகையில் நங்கூரத்தைக் கட்டவிழ்த்துத் தயாராக வைத்திருங்கள். பெட்டிக்குள் மூன்று பைகளுக்கு அடியில் கிடக்கும் நங்கூரத்தால் ஒரு பயனும் இல்லை.

கயிற்றாலும் கையாலும் நகர்த்துதல்

காற்றே இல்லாதபோதும் நங்கூரம் படகை நகர்த்த உதவும். இரண்டாவது சிறு நங்கூரத்தை டிங்கி என்னும் சிறு துணைப்படகில் ஏற்றி, நீண்ட கயிற்றோடு முன்னால் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, படகிலிருந்து அந்தக் கயிற்றை இழுத்தால், படகு நங்கூரத்தை நோக்கிப் போகும். அமெரிக்கப் போர்க்கப்பலான கான்ஸ்டிடியூஷன் 1812 ஜூலையில் நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால் காற்றற்ற கடலில் பிரிட்டிஷ் கப்பல்களிடம் மாட்டிக்கொண்டபோது, மாலுமிகள் சிறு படகுகளில் நங்கூரங்களை முன்னே கொண்டுபோய்ப் போட்டுப் போட்டு, கப்பலைக் கயிறு பிடித்து இழுத்தே இரண்டு நாட்களுக்கும் மேலாக ஓடித் தப்பினார்கள். அவ்வளவு பெரிய போர்க்கப்பலுக்குப் பலித்த உத்தி, 2,500 கிலோ படகுக்குப் பலிக்காமல் போகாது.

அமைதியான நீரில் படகுக்கு எடை உண்டே தவிர எதிர்ப்பு மிகக் குறைவு. 5 கிலோ எடை அளவுக்கு ஒருவர் விடாமல் இழுத்தால், அரை நிமிடத்தில் எங்கள் படகு நொடிக்கு அரை மீட்டருக்கு மேல் வேகம் எடுத்துவிடும். முதல் சில நொடிகளில் படகு அசையாததுபோல் தெரியும். அதனால் பொறுமையிழந்து சுண்டி இழுக்கிறார்கள். அது வீண், நிதானமான இழுப்புக்குத்தான் படகு இசையும். நகரத் தொடங்கிய பின் இழுப்பதை நிறுத்திவிட வேண்டும். அந்த வேகத்தையும் நிறுத்த வேண்டுமல்லவா?

துடுப்பு வலிப்பதற்கும் டிங்கியால் இழுப்பதற்கும் இதே அளவுகோல்தான், ஆனால் காற்று குறுக்கே வந்தால் கணக்கு மாறிவிடும். பாய் இறக்கிய படகின் பாய்மரம், கம்பிகள், உடல் எல்லாவற்றின்மீதும் 20 நாட் காற்று 30 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். ஒரு மனிதர் தொடர்ந்து துடுப்பு வலித்துத் தரக்கூடிய விசை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆகவே துடுப்பு மெல்லிய காற்றுக்குரியது. ஆழம் குறைந்த கழிமுகத்தில் நீண்ட மூங்கில் கோல் துடுப்பைவிட நன்றாக வேலை செய்யும் என்பது பழவேற்காட்டு ஏரியில் படகு தள்ளுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நீரோட்டத்தோடு போக வேண்டிய ஆற்றில் இன்னொரு பழைய உத்தி உண்டு. தேம்ஸ் ஆற்றின் எஞ்சின் இல்லாத சரக்குப் படகுக்காரர்கள், நங்கூரத்தைத் தரையில் தொட்டும் தொடாமலும் உரசும்படி தொங்கவிடுவார்கள். உரசலால் படகு நீரைவிட மெதுவாகப் போகும். நீர் படகை முந்திக்கொண்டு ஓடும். சுக்கானுக்கு உயிர் வரும். தரையில் கம்பிவடம் இல்லாத இடத்தில், பழகியவர் துணையோடு மட்டும் இதைச் செய்து பார்க்கலாம்.

பிறர் இழுத்துச் செல்லும்போது

உதவிக்கு வரும் படகு நம்மை இழுக்கும் முறை இரண்டு. திறந்த கடலில் நீண்ட கயிற்றில் பின்னால் கட்டி இழுப்பது. துறைமுகத்துக்குள் பக்கத்தில் அணைத்துக் கட்டிக்கொண்டு போவது.

நீண்ட இழுவைக்கு நைலான் கயிறு வேண்டும். அது பளு ஏறும்போது நீண்டு, அலையின் வெட்டிழுப்பை உள்வாங்கிக்கொள்ளும். நீளாத விலையுயர்ந்த பாய்க்கயிற்றைக் கொண்டு இழுத்தால் ஒவ்வோர் அலைக்கும் சுத்தியால் அடித்ததுபோல் கிளீட்டில் அடி விழும். ஆனால் நீண்ட நைலான் அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி வரும். அதன் நேர்கோட்டில் எவரும் நிற்கக்கூடாது. பளுவை ஒரே கிளீட்டில் ஏற்றாமல் இரண்டு மூன்று இடங்களுக்குப் பிரித்துக் கட்ட வேண்டும். பாய்மரம் தளத்தைத் துளைத்து அடிக்கட்டைவரை இறங்கியிருந்தால் மரத்தின் அடியில் கட்டலாம். தளத்தின்மேல் மட்டும் நிற்கும் மரத்தில் கட்டவே கூடாது. கயிறு அணியத்தில் உரசும் இடத்தில் பழைய தோட்டக்குழாய்த் துண்டையோ தடித்த துணியையோ சுற்றுங்கள். முனையை முடிச்சாகப் போடாமல் பளுவோடும் அவிழ்க்கக்கூடிய விதத்தில் கிளீட்டில் சுற்றி, கத்தியையும் அருகில் வையுங்கள். இரண்டு படகுகளும் ஒரே நேரத்தில் அலை முகட்டில் ஏறும்படி கயிற்றின் நீளத்தைச் சரிசெய்தால் இழுப்பு மென்மையாக இருக்கும்.

வேகம் 3, 4 நாட் போதும். நீர்மட்டக் கோட்டில் 20 அடி நீளமுள்ள படகு எழுப்பும் அலை 6 நாட் வேகத்தில் அதன் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்குமேல் இழுத்தால் படகு தன் அலையின்மேலேயே ஏற முயன்று, பின்பகுதி தாழ்ந்து, இடமும் வலமுமாகத் தறிகெட்டு ஓடும். வலுவான விசைப்படகு ஓட்டுபவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். கயிறு கொடுக்கும் முன்பே “நாலு நாட்டுக்கு மேல் வேண்டாம்” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முன்னே போகிறவர் திடீரென நிறுத்தினால் தடையில்லாத நம் படகு அவர்மீதே போய் மோதும் என்பதையும் சொல்லுங்கள்.

அணைத்துக் கட்டும்போது, இழுக்கும் படகின் பின்பகுதி நம் படகின் பின்பகுதியைக் கடந்து சற்றுப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதன் விசிறியும் சுக்கானும் இரண்டு படகுகளுக்கும் பின்னால் இருந்தால்தான் இரண்டையும் சேர்த்துத் திருப்ப முடியும். அணியத்திலும் பின்பகுதியிலும் கட்டும் கயிறுகள் படகுகளைச் சேர்த்து வைப்பவை. முன்பின்னாகச் சாய்ந்து ஓடும் இரண்டு குறுக்குக் கயிறுகளே இழுவையையும் நிறுத்தத்தையும் தாங்குபவை. அவை தளர்ந்திருந்தால் நம் படகு முன்னும் பின்னும் அலையும். இரண்டு மரங்களும் நேருக்கு நேர் வராதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஆடும்போது மேலே உள்ள குறுக்குக்கம்புகள் ஒன்றோடொன்று மோதும்.

எவரை, எப்போது அழைப்பது

உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் படகின் தொடர்பு வானொலியின் 16-ஆம் அலைவரிசையில் மேடே என்னும் அபாய அழைப்பு. ஆபத்து இன்னும் நெருங்கவில்லை, ஆனால் உதவி வேண்டும் என்றால் பான் பான் என்னும் அவசர அழைப்பு. இங்கிலாந்தில் தொலைபேசியில் 999-ஐ அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேட்கலாம். இந்தியக் கடலோரக் காவல் படையின் எண் 1554. நங்கூரம் பிடித்து அமைதியாக நிற்கும்போதே, இருட்டுவதற்கு முன்பு, நிலைமையைச் சொல்லி வைப்பது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எஞ்சின் நின்றதால் மட்டும் கடல் விதிகளில் நமக்குத் தனிச் சலுகை எதுவும் வந்துவிடாது. பாய் விரித்து ஓட முடிகிற வரை அது சாதாரணப் பாய்மரப் படகுதான்; 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகளின்படி, குறுகிய கால்வாயில் மட்டுமே செல்லக்கூடிய பெரிய கப்பலுக்கு அது இடையூறு செய்யக்கூடாது. அன்றைக்கு நாங்கள் பாயிலேயே ஆற்றுக்குள் நுழைந்திருக்க முடியும். காற்று அதற்கு ஒத்துழைத்திருக்கும். ஆனால் கால்வாயின் நடுவில் காற்று செத்து, எதிரே கப்பல் வந்தால் அதற்கும் ஒதுங்க இடமில்லை, நமக்கும் நிறுத்த வழியில்லை. அதனால் காத்திருந்தோம்.

நீர் திரும்பிய பிறகு, எங்கள் துறையில் பக்கத்தில் படகு நிறுத்துபவர் வந்தார். கடல் மீட்புச் சட்டப்படி, ஆபத்தில் உள்ள படகை மீட்பவர் அதன் மதிப்பில் ஒரு பங்கைக் கோரக்கூடும் என்பதால், அறிமுகமில்லாதவர் என்றால் கயிறு கொடுக்கும் முன்பே தொகையைப் பேசி முடித்துக்கொள்வது வழக்கம். இவர் தேநீர் ஒன்று போதும் என்றார். எங்கள் இடப்பக்கம் அணைத்துக் கட்டி, ஆற்றுக்குள் 2 நாட்டுக்கு மேல் போகாமல், எதிரே வந்த கப்பலுக்கு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு, முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நண்பர் நடுக்கயிற்றை முளையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மெல்ல மெல்ல வழுக்கவிட்டார். கயிறு கிறீச்சென்று முனகியது. படகு துறையைத் தொடாமல், ஒரு சாண் இடைவெளியில் நின்றது.